சுற்றி வந்த நாலாயிரம்

மார்ச் 3, செவ்வாய்

பதினோரு மூக்குக்கண்ணாடி முடித்தேன். இரண்டு லென்ஸ் தேய்க்கும்போது விளிம்பில் சில்லு தெறித்துவிட்டது. காலையிலேயே மிஷினில் கல்லை மாற்றியிருக்க வேண்டும். சோம்பேறித்தனம், வேறென்ன.

மத்தியானம் ஒரு வாத்தியார் வந்தார். “போர்டுல நான் எழுதறதே எனக்குத் தெரியலம்மா” என்றார். பசங்களுக்குத் தெரிகிறதா என்று கேட்டேன். “அவங்க போர்டைப் பாத்தாத்தானே!”

சாயங்காலம் முதலாளியம்மா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, “உக்காரு” என்றார். இந்தக் கடையில் உட்காருவது வாடிக்கையாளர்கள் மட்டும்தான். இருபத்திரண்டு வருடத்தில் இன்றைக்குத்தான் அந்த நாற்காலி எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று தெரிந்தது. ஜூன் கடைசியில் மகனோடு போய் இருக்கப் போகிறாராம்.

“கடையை நீ எடுத்துக்கிறியா? மிஷின், ஸ்டாக், போர்டு எல்லாம் சேத்து ஒன்பது லட்சம். மே முப்பத்தொண்ணு வரைக்கும் உனக்காகப் பொறுத்துக்கறேன். இல்லேன்னா பக்கத்துக் கடை போன்காரன் இடத்தைக் கேக்கறான். அவனுக்கு மிஷினெல்லாம் வேண்டாமாம்.”

“என் சம்பளம் இருபத்திரண்டாயிரம்க்கா.”

“தெரியும். நான்தானே குடுக்கறேன்.”

வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். பஸ் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. பஸ் டிரைவர் பெண்டாட்டிக்கு!

மார்ச் 4, புதன்

இவரிடம் சொன்னேன். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “ஒன்பதுக்கு எத்தனை சைபர்?” என்றார். எண்ணிச் சொன்னேன். கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். பிறகு, “எடுத்துக்கோ” என்றார்.

“கடன் வாங்கணும். நீங்களும் கையெழுத்துப் போடணும். பரவாயில்லையா?”

“ஜாமீன் வேற, பெண்டாட்டி வேற” என்றார்.

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து எத்தனை வருடமாயிற்று! எனக்கு முப்பத்துநாலு வயதில், நண்பன் ஒருவனுக்கு ஜாமீன் போட்டார். நண்பன் ஊரை விட்டே போய்விட்டான். ஆறு வருடம் நாங்கள் கட்டினோம். அந்த நாட்களில் இவர் ஒரு சட்டை வாங்கினாலும் “எவ்வளவு?” என்பேன், டீ குடித்துவிட்டு வந்தாலும் “எவ்வளவு?” என்பேன். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டார். அதோடு கேட்பதை விட்டேன். வீட்டுக் கடனும் பெரிய செலவும் இவருடையது. சமையலறை, கரண்ட், தண்ணீர், போன் என்னுடையது. மிச்சம் அவரவர் பாடு. யார் கையில் எவ்வளவு என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்காத வீடு என்று எனக்குள் கொஞ்சம் பெருமை கூட உண்டு.

மார்ச் 8, ஞாயிறு

பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு சமையல் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று லட்சத்து எண்பதாயிரம் இருக்கிறது. இரண்டு முறை கூட்டினேன். மூன்றாவது முறை கூட்டினால் குறைந்துவிடுமோ என்று பயந்து மூடிவிட்டேன்.

இருபத்திரண்டு வயதில் முதல் சம்பளம். அதில் பாதியைக் கொடுத்து ஒரு சிவப்புக் குடை வாங்கினேன். மழைக்காலம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. இருபத்தாறில் சிட்டு பிறந்தாள். வந்ததெல்லாம் பாலாகவும் டானிக்காகவும் போனது. முப்பத்துநாலில் ஜாமீன். நாற்பதில் அது முடிந்தது, முடிந்த கையோடு பள்ளிக்கூடம், டியூஷன், காலேஜ். சிட்டு வேலைக்குப் போனபோது எனக்கு நாற்பத்தெட்டு. அதற்குப் பிறகுதான் என் கணக்கில் பணம் ஒரு மாதம் முழுசாகத் தங்கியதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த விருந்தாளி கிளம்பாமல் உட்கார்ந்திருப்பதுபோல் முதலில் ஒரு மாதிரி இருந்தது.

ஒன்றை மட்டும் இந்த நோட்டில்தான் எழுத முடியும். மாதா மாதம் ஐந்தாம் தேதி மாமா கணக்கில் நாலாயிரம் போடுகிறேன். இரண்டு வருடம் ஒன்பது மாதமாக. யாருக்கும் தெரியாது. மாமா, இவருடைய அப்பா, தண்ணீர் ஆபீஸில் ஹெட்கிளார்க்காக இருந்தவர். அத்தையின் வைத்தியத்தில் சேமிப்பு எல்லாம் கரைந்துவிட்டது. ஒரு நாள் அவர் பிளேடை வைத்துக்கொண்டு பிரஷர் மாத்திரையைப் பாதிப் பாதியாக வெட்டுவதைப் பார்த்தேன். மருமகளிடம் கை நீட்டுகிற ஆள் இல்லை அவர். அதனால், “பென்ஷனைக் கூட்டியிருக்காங்களாம் மாமா, உங்க கணக்குல வந்துடும்” என்று அடித்துவிட்டேன். “அப்படியா? கவர்மெண்ட்டுக்கும் நல்ல புத்தி வருதே” என்றார், பாவம்.

முதல் மாதம் என் போனஸிலிருந்து போட்டேன். அந்த மாதமே இருபதாம் தேதி இவர், “இந்தா, ஓவர்டைம்” என்று நாலாயிரம் கொடுத்தார். அன்றிலிருந்து மாதம் தவறாமல் கொடுக்கிறார். அதை அப்படியே மாமாவுக்குத் திருப்பிவிடுகிறேன். கடவுளாகப் பார்த்துச் செய்த ஏற்பாடு.

மார்ச் 17, செவ்வாய்

கடைப் பலகையில் என்ன பெயர் வைக்கலாம் என்று ரசீதின் பின்பக்கம் எழுதி எழுதிப் பார்த்தேன். வயது ஐம்பத்தொன்று. வெட்கமே இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

பேங்க்குக்குப் போனேன். லோன் கொடுக்கும் பெண்ணுக்கு எங்கள் சிட்டு வயசுதான் இருக்கும், நகத்தில் நீலச்சாயம். அவள் என்னை மேடம் என்றாள். நான் அவளை மேடம் என்றேன். ஒரு மணி நேரம் இப்படியே போனது.

என் வருமானம், இவர் சம்பளம், ஓவர்டைம் நாலாயிரம், எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, “அஞ்சு லட்சத்து இருபதாயிரம் வரைக்கும் குடுக்கலாம் மேடம்” என்றாள். மூன்று எண்பதும் ஐந்து இருபதும் ஒன்பது! சரியாக ஒன்பது! எனக்குக் காது அடைத்துவிட்டது.

“ஓவர்டைமுக்கு மட்டும் டிப்போலேருந்து ஸ்லிப் வாங்கிக் குடுத்துடுங்க.”

“அது இல்லேன்னா?”

“மூணு அறுபதுதான் வரும் மேடம். இல்ல, வேலை பாக்கற பொண்ணு இருக்காங்கன்னீங்களே, அவங்களும் சேந்து கையெழுத்துப் போட்டா ஆகும்.”

அது மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்தவர் கடனைக் கட்டி என் முப்பதுகள் போயின. என் கடனைக் கட்டி அவளுடைய இருபதுகள் போக வேண்டாம். ஸ்லிப்தானே, வாங்கிவிட்டால் போயிற்று.

எதிரே பேக்கரியில் ஒரு துண்டு கேக் வாங்கிச் சாப்பிட்டேன். தனியாக. யாருக்கும் பங்கு வைக்காமல்.

ஏப்ரல் 7, செவ்வாய்

ஸ்லிப் கேட்டேன். “அதெல்லாம் குடுக்க மாட்டாங்க. கையில குடுக்கறதுதான்” என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. இவர் ஜன்னலைப் பார்த்துப் பேசினால் அது பொய். ஜாமீன் போட்டுவிட்டு வந்த அன்றும் ஜன்னலைத்தான் பார்த்தார்.

ஏப்ரல் 13, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் நானே டிப்போவுக்குப் போய்விட்டேன். அங்கே கணக்குப் பார்க்கிறவர் நல்ல மனிதர், மூக்குக்கண்ணாடி நான் போட்டுக் கொடுத்ததுதான். “ஓவர்டைமா? அதை நிறுத்தி மூணு வருஷமாச்சே அக்கா!” என்றார்.

சிரித்துக்கொண்டே, “ஆமா ஆமா, மறந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வந்து — எங்கே போவதென்று தெரியாமல் பஸ் கழுவுகிற இடத்தில் நின்றேன்.

அப்ப அந்தக் காசு எங்கேருந்து வருது? மாசா மாசம், தேதி தவறாம? வட்டிக்கு வாங்கறாரா? ஐம்பத்தாறு வயசுல வேற எங்கயாவது வண்டி ஓட்டறாரா? மறுபடி எவனுக்காவது கையெழுத்துப் போட்டுட்டு எதையாவது மறைக்கறாரா? ஐயோ, அதை வாங்கி நான் வேற கூசாம செலவு பண்ணியிருக்கேனே. கேக்காத வீடு, கேக்காத வீடுன்னு பெருமைப்பட்டியே, இப்ப நல்லா வேணும்டி உனக்கு.

கடை, லோன், ஒன்பது லட்சம் எதுவும் இப்போது மண்டையில் ஏறவில்லை. மத்தியானம் ஒரு ஃபிரேமில் வலது லென்ஸை இடது பக்கம் மாட்டிவிட்டேன்.

ஏப்ரல் 15, புதன்

சாப்பிடும்போது உப்பு கேட்டார். எடுத்து வைத்தேன். இன்றைய பேச்சு அவ்வளவுதான்.

ஏப்ரல் 18, சனி

எழுதக் கை ஓடவில்லை, அவ்வளவு சிரித்திருக்கிறேன். விலா வலிக்கிறது. வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

காலையில் இவர் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் ஒரு கவர் துருத்திக்கொண்டிருந்தது. இருபதாம் தேதிக் கவர். என்னால் முடியவில்லை. கேட்டுவிட்டேன்.

“டிப்போக்குப் போனேன். ஓவர்டைம் நின்னு மூணு வருஷமாச்சாம். இது யார் காசுங்க?”

ஜன்னலைத் தேடினார். நான் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றேன்.

“சிட்டு காசு” என்றார்.

“என்னது?”

“மாசம் பதினஞ்சாம் தேதி எனக்கு அனுப்பறா. வீட்டுக் கடனுக்கு வச்சுக்கோங்கப்பா, அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னா. பொண்ணு சம்பாதிச்ச காசை நான் எப்படிடி வச்சுக்கறது? திருப்பி அனுப்பினா மூஞ்சி சுருங்கிடும். அதான் உன்கிட்ட குடுத்தேன். ஓவர்டைம் நின்னதைச் சொல்லலாம்னு இருந்தேன், அந்த மாசமே இவ அனுப்ப ஆரம்பிச்சுட்டா, சொல்ல வேண்டியதே இல்லாம போச்சு.”

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வட்டியும் இல்லை, ஜாமீனும் இல்லை. அப்பாடா! அடுத்தது கோபம். அந்தக் குழந்தை இருபத்தைந்து வயதில், வேற்று ஊரில் வாடகை கொடுத்துக்கொண்டு, ரோடு அளக்கிற வேலையில் வெயிலில் நின்று சம்பாதிக்கிற காசு! உடனே போன் போட்டேன். ஸ்பீக்கரில்.

“ஏண்டி, உனக்கென்ன பெரிய சம்பளம்னு அப்பாவுக்கு மாசம் நாலாயிரம் அனுப்பறே?”

சிட்டு, “அப்பா, சொல்லிட்டீங்களா!” என்றாள். அதற்குப் பிறகு மெல்ல, “அம்மா, அது என் காசே இல்ல. தாத்தா அனுப்பறது” என்றாள்.

“எந்தத் தாத்தா?”

“எனக்கு எத்தனை தாத்தா இருக்காங்க? நம்ம தாத்தாதான். பத்தாம் தேதி ஆனா நாலாயிரம் வந்துடும். வேண்டாம்னா ‘பெரியவன் சொன்னா கேளு’ன்னு திட்டறார். அவர் பென்ஷன்ல நான் கை வைக்கலாமா? அதான் அப்படியே அப்பாவுக்கு அனுப்பிடுவேன்.”

நான் விரலை மடக்கி எண்ணினேன். ஐந்தாம் தேதி. பத்தாம் தேதி. பதினைந்து. இருபது. போனைக் கையில் பிடித்தபடியே மாமா அறைக்குப் போனேன். பின்னாலேயே ஒரு ஷூவோடு இவர்.

மாமா பேப்பரை மடித்து வைத்தார். “ஆமாம்மா, நீ போடற நாலாயிரத்தைத்தான் குழந்தைக்கு அனுப்பறேன்” என்றார், சர்வ சாதாரணமாக.

“நான் போடறதா? மாமா, அது பென்ஷன்—”

“நான் முப்பத்தாறு வருஷம் கணக்கு எழுதினவன். பென்ஷன் ஒண்ணாம் தேதி வரும். இது அஞ்சாம் தேதி வருது, அதுவும் உன் பேங்க்லேருந்து, உன் பேர்லேருந்து. கவர்மெண்ட் உன் பேர்லயா கணக்கு வச்சிருக்கு?”

“அப்ப ஏன் மாமா அன்னிக்கே சொல்லல?”

“நீ அவ்வளவு சந்தோஷமா பொய் சொன்னே. கெடுக்க மனசு வரல.”

“மாத்திரையை வெட்டிட்டு இருந்தீங்களே, காசுக்காகத்தானேன்னு நெனச்சேன்...”

“டாக்டர்தாம்மா பாதி போடச் சொன்னார்!”

போனுக்குள்ளிருந்து சிட்டு, “தாத்தா, அப்ப எனக்கு எதுக்கு அனுப்பினீங்க?” என்று கத்தினாள். வீடியோவில் எப்போது பார்த்தாலும் தரையில் உட்கார்ந்திருக்கிறாளாம், நாற்காலி வாங்கக்கூட வழியில்லையோ என்று கிழவர் உருகிவிட்டார். “நாற்காலி இருக்கு தாத்தா! அது மேல துணி கெடக்கு!” என்றாள்.

முதலில் சிரித்தது இவர்தான். ஷூவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மாமா. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து எதுவுமே தெரியவில்லை. முப்பத்துநாலு மாதமாக ஒரே நாலாயிரம், தேர் சுற்றுவதுபோல் எங்களைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. நாங்கள் நாலு பேரும் நாலு தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறோம்!

“சரி, முதல் நாலாயிரம் யாருது?” என்றார் மாமா. ஹெட்கிளார்க் ஆயிற்றே, மூலத்தைப் பிடிக்காமல் விடுவாரா. தன் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தார். ஜூலை ஐந்து. எனக்கு முதல் ஓவர்டைம் வந்தது ஜூலை இருபது. ஆக, அது என் போனஸ்.

இவர் சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்து என் கையில் வைத்தார். “இந்தா, உன் காசு. எவனும் தொடல, பத்திரமா ஊரைச் சுத்திட்டு வந்திருக்கு.”

ஏப்ரல் 19, ஞாயிறு

சிரித்து முடித்து, காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. ஓவர்டைம் இல்லை. அப்படியானால் லோன் மூன்று அறுபதுதான். ஒரு லட்சத்து அறுபதாயிரம் குறைகிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

ஏப்ரல் 20, திங்கள்

நீல நகத்துப் பெண்ணிடம் போய் உண்மையைச் சொன்னேன். சொல்லித்தானே ஆக வேண்டும். பேப்பரில் படம் போட்டு, அம்புக்குறி போட்டு விளக்கினேன். அவள் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டினாள்.

“முப்பத்துநாலு மாசம், ஒரு தவணை தவறல! எங்க பேங்க்ல இவ்வளவு ஒழுங்கா யாருமே கட்டினதில்ல மேடம். என்ன, கடன்தான் யாரும் வாங்கல.”

ஆனாலும் மூன்று அறுபதுக்கு மேல் முடியாதாம். சட்டம் சட்டம்தான். திரும்பி வந்து ஏழு கண்ணாடி முடித்தேன். அந்த மிஷினின் சத்தம் எனக்கு மட்டும்தான் சங்கீதம். போன்காரனுக்கு அது வெறும் இரும்பு.

ஏப்ரல் 26, ஞாயிறு

சிட்டு வந்திருக்கிறாள். காலை வைத்ததும் வைக்காததுமாக, “எல்லாரும் பாஸ்புக் எடுத்துட்டு மேஜைக்கு வாங்க. இனிமே இந்த வீட்டுல ஒளிச்சு விளையாடறது கிடையாது” என்றாள். ரோடு அளக்கிறவள், வீட்டையும் அளக்க வந்துவிட்டாள்.

நாலு பேரும் உட்கார்ந்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணத்தன்று கூட எனக்கு இவ்வளவு கூச்சம் இல்லை. பாஸ்புக்கைத் திறந்து வைப்பது அழுக்குத் துணி மூட்டையைப் பிரித்து வைப்பதுபோல் இருந்தது. என்னுடையதை முதலில் வைத்தேன். இவர், “மூணு எண்பதா! ஏய், பணக்காரி!” என்றார். என் காது சூடாகிவிட்டது.

இவரிடம் எழுபத்தைந்தாயிரம். எதற்கு என்று கேட்டேன். கேட்டுவிட்டேன்! பதினேழு வருடத்துக்கு அப்புறம்! இவர் முகம் சுருங்கவில்லை.

“ரிட்டயர் ஆனதும் ஒரு பழைய கார் வாங்கலாம்னு. நான் ஓட்ட மாட்டேன். நீ கத்துக்கிட்டு ஓட்டணும். நான் ஜன்னல் ஓரமா உக்காந்து வேடிக்கை பாத்துட்டு வரணும். முப்பது வருஷமா ரோட்டை மட்டும்தானே பாக்கறேன்.”

இந்த மனிதனோடு இருபத்தாறு வருடம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன். இந்த ஆசை எனக்குத் தெரியாது. காசைப் பற்றிக் கேட்காமல் இருந்ததில் இதையும் கேட்காமல் விட்டிருக்கிறேன். அழுகை வந்தது, அழுதேன்.

பிறகு மாமா. இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்!

“மாமா! அத்தைக்குச் செலவு பண்ணதுல எல்லாம் தீந்துடுச்சுன்னு...”

“தீந்துதுன்னு யார் சொன்னா? யாராவது என்னைக் கேட்டீங்களா?”

யாரும் கேட்கவில்லை.

ஒரு லட்சத்து அறுபதாயிரத்தையும் தானே தருகிறேன் என்றார். நான் மாட்டேன் என்றேன். ஆஸ்பத்திரி, வைத்தியம் என்று வந்தால் என்ன செய்வது? ஒரு மணி நேரம் இழுபறி. கடைசியில் சிட்டு பென்சிலால் மேஜையைத் தட்டித் தீர்ப்பு சொன்னாள். தாத்தா ஒரு லட்சம், அப்பா அறுபதாயிரம். யாரும் யாருக்கும் இனாம் கொடுக்கக் கூடாது, பங்கு. தாத்தாவுக்கு ஒன்பதில் ஒரு பங்கு, அப்பாவுக்குப் பதினைந்தில் ஒரு பங்கு. முதல் மூன்று மாதம் வீட்டு மளிகை அவள் பொறுப்பு. “சொல்லிட்டுத் தர்றேன், ஒளிச்சு இல்ல” என்றாள்.

“கார்?” என்றேன் இவரிடம்.

“ரெண்டு வருஷம் லேட்டா வாங்கினா நீ இன்னும் நல்லா ஓட்டக் கத்துக்குவே” என்றார்.

மாமா உடனே வெள்ளைத்தாள் எடுத்து ஒப்பந்தம் எழுத உட்கார்ந்துவிட்டார். “மேற்படி கண்ணாடிக் கடையின் உரிமையாளராகிய என் மருமகள் அவர்கள்” என்று ஆரம்பித்திருந்தார். அந்த வரியை நான் நாலு முறை படித்தேன்.

மே 29, வெள்ளி

ஒன்பது லட்சம் கொடுத்தாயிற்று. கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால். முதலாளியம்மா சாவிக் கொத்தைக் கொடுத்துவிட்டு, “கழிவறைக் கதவு மட்டும் தூக்கிச் சாத்தணும்” என்றார். இருபத்திரண்டு வருடமாக நான்தானே சாத்துகிறேன் என்றேன். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். உள்ளே வந்த ஒரு வாடிக்கையாளர் பயந்து வெளியே போய்விட்டார்.

ஜூலை 1, புதன்

முதல் நாள். மூன்று கண்ணாடி. அந்த மெத்தென்ற நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன். வேலை ஓடவில்லை, எழுந்துவிட்டேன்.

ஜூலை 31, வெள்ளி

லாபம்! வாடகை, தவணை ஏழாயிரத்து எண்ணூறு, என் சம்பளம் இருபத்திரண்டாயிரம், எல்லாம் போக ஆறாயிரத்து அறுநூற்று நாற்பது! முதல் மாதத்திலேயே! நஷ்டம் வந்தால் எப்படிச் சொல்வது என்று வாரம் முழுக்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். ஒரு சின்னப் பையன் என்னைப் பார்த்து அவன் அம்மா பின்னால் ஒளிந்துகொண்டான்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

ரசீதுகளை அடுக்கும்போது ஏதோ இடித்தது. ஒரே வாரத்தில் நாலு டிரைவர்கள் விலையே கேட்காமல் கறுப்புக் கண்ணாடி வாங்கியிருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர், பேப்பர் படிக்கவே நேரமில்லாத மனிதர், ஒரே பவரில் மூன்று படிக்கிற கண்ணாடி. வெளியூரிலிருந்து போனில் மூன்று ஆர்டர், மூன்றும் ரோடு போடுகிற கம்பெனி ஆட்கள்.

மூன்று பேரையும் மேஜைக்குக் கூப்பிட்டேன், சிட்டுவைப் போனில். ரசீதுகளைப் பரப்பினேன். இவர் ஜன்னலைப் பார்த்தார். மாமா எதிர்வீட்டுக்காரருக்குக் காசு கொடுத்து அனுப்பியதை மறைத்து, “அவருக்குப் பார்வை கொஞ்சம்...” என்று இழுத்தார். சிட்டு போனைக் கட் பண்ணிவிட்டாள்!

“திருந்தவே மாட்டீங்களா? நாய் வாலை நிமித்தவே முடியாதா?” என்று கத்தினேன். அவர்கள் மூலமாக வந்த லாபத்தையெல்லாம் கழித்தேன். சரியாக ஆறாயிரம் போனது. மிச்சம் அறுநூற்று நாற்பது.

அதை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். அறுநூற்று நாற்பது. என்னை யாரென்றே தெரியாத ஆட்கள், நான் தேய்த்த லென்ஸுக்காக, தங்கள் கண்ணுக்காகக் கொடுத்த காசு. நேற்று முன்தினம் ஆறாயிரத்துக்குச் சிரித்ததைவிட இன்றைக்கு இதற்கு அதிகம் சிரித்தேன். இவர்தான், “குறைஞ்சதுக்கு இவ்வளவு சந்தோஷமா?” என்று பயந்துபோய்க் கேட்டார்.

செப்டம்பர் 14, திங்கள்

பதினான்கு கண்ணாடி. சாப்பிட நேரமில்லை.

நவம்பர் 30, திங்கள்

ஆகஸ்டிலிருந்து நாலு மாதத்துக்கும் சேர்த்து இருபத்தேழாயிரம் லாபம். முழுக்க வெளியாள் காசு, ஒவ்வொரு ரசீதாகச் சரிபார்த்தேன். இவர் பங்கைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு நேராகத் தன் கார்க் கணக்கில் போட்டார். மாமாவுக்கு மூவாயிரம். ரசீதில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். “பங்குதாரர் எங்க போறார்னு முதலாளி கேக்கக் கூடாது” என்றார்.

எனக்கு இருப்பு கொள்ளவில்லை. சிட்டுவுக்குப் போன் போட்டேன். “தாத்தா உனக்கு ஏதாவது அனுப்பினாரா?”

“ஒண்ணும் வரலம்மா. ஏன்?”

சாயங்காலம் மாமா திரும்பி வந்தார். கையில் ஒரு பெட்டி. உள்ளே ஒரு ஜோடி செருப்பு, அடிப்பகுதி பஞ்சுபோல். இரண்டாயிரத்து எழுநூறாம்! அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காட்டினார். மிச்சம் முந்நூறு எங்கே என்று கேட்டேன்.

“ஐஸ்கிரீம் சாப்பிட்டேன்” என்றார். “ரெண்டு.”